தர்மபூமியில் பந்தி யாருக்கு?



திருவனந்தபுரம் நமக்கு அந்நிய நகரமல்ல. 1956 நவம்பர் 1 வரை, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தாருக்கு இதுவே தலைநகரம். அதன் பின்பும் நம் மக்கள் இங்கே வந்துகொண்டேயிருக்கிறார்கள். சாலைக் கடைவீதியில் மூட்டை சுமக்க வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கழக்கூட்டத்தில், டெக்னோபார்க்கின் குளிரூட்டிய அறைகளில் கணினி முன் அமர்ந்திருக்கிறார்கள். களியக்காவிளைக்கு அப்பாலிருந்து தினமும் பேருந்தில் வந்து வேலை பார்த்தவர்கள் கரமனையிலும் நேமத்திலும் சொந்த வீடு கட்டிக் குடியேறிவிட்டார்கள். ஒற்றை அறையில் பாய் விரித்துப் படுத்த குடும்பங்கள், பிள்ளைகளுக்கென்று தனி அறை ஒதுக்கியிருக்கின்றன. இது தேவன் அருளிய நன்மை. இதற்காக ஒருவரும் வெட்கப்படவேண்டியதில்லை.

ஆகிலும் வீடு சந்திப்புக்குச் செல்லும்போது, ஜெபம் முடிந்து தேநீர் அருந்தும் வேளையில், அண்மைக்காலமாக ஒரு கேள்வி பல வீடுகளில் எழும்புகிறது. "ஐயா, கைபேசியைத் திறந்தால் எலும்பும் தோலுமான பிள்ளைகளின் படம் வருகிறது. சூடான் என்கிறார்கள், காசா என்கிறார்கள். எங்கள் பிள்ளையோ தட்டில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்துபோகிறான். நாங்கள் என்னதான் செய்வது?" இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் தாய்மார். தகப்பன்மார் அதையே, "எவ்வளவு கொடுத்தால் போதும்?" என்று கேட்பார்கள்.

உலகக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமாகிய யுனிசெஃப் 2025-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, நாளொன்றுக்கு மூன்று டாலருக்கும் குறைவான செலவில் வாழும் பிள்ளைகள் 41 கோடிக்கும் அதிகம். நம் நாட்டு விலைவாசிக்கு ஒப்பிட்டால் இது ஏறக்குறைய 60 ரூபாய். வாடகை, மருந்து, துணி, சோறு எல்லாம் அதற்குள். 2023-ஆம் ஆண்டில் மட்டும் ஐந்து வயது நிரம்பாத 48 லட்சம் குழந்தைகள் மரித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் பிறந்தவர்கள். தெற்காசியா என்றால் நாமும் அதில் அடக்கம்.

இவ்வளவு பெரிய எண்களைக் கேட்டால் இருதயம் இளகுவதற்குப் பதிலாக மரத்துப்போகிறது. ஆகவே, கேட்கிறவர்களிடம் நான் ஒரு காரியம் சொல்லுவதுண்டு: "விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, மிருகக்காட்சிச்சாலைக்குப் போகிற வழியில் எல்.எம்.எஸ். சந்திப்பில் இறங்கிவிடுங்கள். அங்கிருந்து தைக்காடு வரை நடந்துபோகலாம். உங்கள் கேள்விக்கு இந்த நகரம் முன்னமே சில பதில்களைச் சொல்லியிருக்கிறது."

எல்.எம்.எஸ். வளாகத்தில் நிற்பது மட்டீர் நினைவு ஆலயம். 1906-ல் கட்டப்பட்டது, இன்று தென்னிந்தியத் திருச்சபையின் தென்கேரளப் பேராயத்தைச் சேர்ந்தது. லண்டன் மிஷனரி சங்கத்தின் ஊழியராக 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நகரத்தில் உழைத்த சாமுவேல் மட்டீரின் பெயரைத் தாங்கியிருக்கிறது. அவர் 1871-ல் திருவிதாங்கூரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூலுக்கு 'தர்மத்தின் நாடு' என்று பொருள்படும் தலைப்பு வைத்தார். அது அவர் புனைந்த பெயரல்ல. திருவிதாங்கூருக்கு அக்காலத்தில் தர்மபூமி என்றே பெயர். நாடெங்கும் அரசாங்கச் செலவில் ஊட்டுபுரைகள் இயங்கின. வழிப்போக்கராய் வருகிற பிராமணர்களுக்கு அங்கே இலவசமாக இலை போடப்பட்டது. அரசின் வருமானத்தில் கணிசமான பங்கு அதற்கே சென்றது. தர்மம் உண்மையாகவே நடந்தது. ஆனால் அந்தப் பந்தியில் உட்கார, பசித்திருந்தால் மட்டும் போதாது.

அதே நாட்டில் 1836-ல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பின்படி அடிமைகள் 1,64,864 பேர். புலையரும் பறையரும் குறவரும் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டார்கள், அடமானம் வைக்கப்பட்டார்கள். பிள்ளைகள் ஒரு திசையிலும் பெற்றோர் ஒரு திசையிலும் பிரிக்கப்பட்டதுண்டு. அந்தப் பிள்ளைகள் விதைத்த நெல்லே ஊட்டுபுரையின் அண்டாவில் வெந்தது. ஊட்டுபுரைக்காரர் கொடியவர்கள் என்று நான் சொல்லவில்லை. தாங்கள் கொடுக்கிறோம் என்று அவர்கள் நம்பினார்கள், கொடுக்கவும் செய்தார்கள். கொடுத்தது யாருடைய இலையில் போய் விழுந்தது என்பதுதான் கேள்வி.

இதை மற்றவர்களைப் பற்றிய சரித்திரமாக மட்டும் வாசித்துவிட்டுப் போகவும் நமக்கு உரிமையில்லை. நம் சபைகளில் காணிக்கை குறைவில்லாமல் சேருகிறது. அதைக்கொண்டு ஒலிபெருக்கி மாற்றுகிறோம், எல்.இ.டி. திரை வாங்குகிறோம், கன்வென்ஷன் முடிவில் பிரியாணி சமைக்கிறோம். அந்தப் பந்தியில் உட்காருகிறவர்கள் யார்? காலையில் வீட்டில் இட்லி சாப்பிட்டு வந்தவர்கள்தானே! எந்தச் சபையும் கணக்குப் புத்தகத்தைத் திறந்து, நாம் கொடுத்ததில் நம்மிடமே திரும்பி வந்தது எவ்வளவு என்று ஒருமுறை கூட்டிப் பார்த்தால் நல்லது. ஊட்டுபுரை நாம் நினைக்கிறதைவிடச் சமீபத்தில் இருக்கிறது.

மட்டீருக்கு முன்பே நாகர்கோவிலில் மிஷனரிகளின் மனைவிமார் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கியிருந்தார்கள். மார்த்தா மால்ட் அம்மையார் அப்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்தக் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கிய பெண்கள் உண்டு. அப்பள்ளிகளின் பிள்ளைகளுக்கான செலவை இங்கிலாந்தில் முகமறியாத குடும்பங்கள் ஆண்டுதோறும் அனுப்பின. செலவை ஏற்றுக்கொண்டவருடைய பெயரையே பிள்ளைக்கு இடுவதும் அந்நாளில் வழக்கமாயிருந்தது. குமரி மாவட்டத்தின் பழைய குடும்பங்களில், கொள்ளுப்பாட்டிக்கு எப்படி வெள்ளைக்காரப் பெயர் வந்தது என்று வியப்பவர்கள் இதையும் நினைத்துப் பார்க்கலாம். பணம் அனுப்பியது நற்காரியம். பெயரையும் சேர்த்து அனுப்பினது எனக்கு அவ்வளவு நன்றாய்ப் படவில்லை.

ஆனால் மிஷனரிகள் பள்ளிக்கூடத்தோடு நிற்கவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்லவேண்டும். 1847-ல் அடிமைகளின் விடுதலை கேட்டு மகாராஜாவுக்கு விண்ணப்பம் எழுதினார்கள். 1853-ல் ஒரு பகுதி விடுதலையும், 1855-ல் முழு அறிவிப்பும் வந்தன. லேஸ் பின்னி விடுதலை பெற்றவர்கள் சிலர். சட்டத்தினால் விடுதலை பெற்றவர்கள் லட்சத்திற்கும் மேல்.

அங்கிருந்து பாளையம் பக்கமாக நடந்தால், பேராலயத்தையும் மசூதியையும் கோவிலையும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் காணலாம். சற்றுத் தள்ளி நிற்கிற பழைய மண்டபத்திற்கு விக்டோரியா மகாராணியின் பெயர் இருந்தது. 2019-ல் அதை அய்யங்காளி மண்டபம் என்று மாற்றினார்கள். அய்யங்காளி 1863-ல் இந்நகரத்திற்கு அருகே வெங்ஙானூரில் பிறந்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். தம் மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் தரவேண்டும் என்று கேட்டு, 1907-08 காலத்தில் வயல் வேலையையே நிறுத்தச் செய்தார். பிள்ளைகள் படிக்கும்வரை கலப்பையைத் தொடுவதில்லை என்று, பட்டினிக்கு மிக அருகில் இருந்த மக்கள் தாங்களாகவே பட்டினியைத் தெரிந்துகொண்டார்கள். அந்த நாட்களில் விழிஞ்ஞம் கடற்கரையின் மீனவர்கள் படகுக்கு ஒருவராக அவர்களை ஏற்றிச்சென்று, பிடித்த மீனில் பங்கு கொடுத்துக் காப்பாற்றினார்கள் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. ஏழைக்கு ஏழை கொடுத்த அந்தப் பங்கைத் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரைக்குப் போகும்போது அது தேவைப்படும்.

பாலராமபுரத்திலிருந்து காட்டாக்கடை செல்லும் வழியில் ஊரூட்டம்பலம் என்றொரு சிற்றூர் உண்டு. 1910-ஆம் ஆண்டையொட்டி, பஞ்சமி என்னும் புலையச் சிறுமியின் கையைப் பிடித்து அவ்வூர் அரசுப் பள்ளிக்குள் அழைத்துச் சென்றார் அய்யங்காளி. பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்று அரசு ஆணை இருந்தது, ஊர் இடங்கொடுக்கவில்லை. அவள் உட்கார்ந்த பள்ளிக்குத் தீ வைத்தார்கள். எரிந்ததுபோக மீந்த ஒரு பெஞ்சை அப்பள்ளியில் இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கும் இப்போது அவர்கள் இருவருடைய பெயரே சூட்டப்பட்டிருக்கிறது. பிள்ளைகளுக்குக் காட்டவேண்டிய இடங்களில் நேப்பியர் அருங்காட்சியகத்தைவிட நான் இதையே முதலில் சொல்லுவேன்.

மகாத்மா காந்தி சாலையில் தெற்கு நோக்கி வந்தால் தலைமைச் செயலகம். 1869-ல் திறக்கப்பட்ட வெள்ளை மாளிகை. அதற்குச் சுட்ட செங்கலின் சூளை இருந்த இடம் என்பதால் செங்கல்சூளை எனப் பெயர் பெற்றதாகச் சொல்லப்படும் குடியிருப்பு, அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில்தான் இருக்கிறது. ராஜாஜி நகர் என்பது இப்போதைய பெயர். நகரத்தின் நடுமையத்தில், மந்திரிகளின் வாகனங்கள் போகிற பாதைக்குப் பக்கத்தில், நெருக்கியடித்த வீடுகள். குறைந்த செலவில் வீடு கட்டும் வழியைக் கேரளத்திற்குக் காட்டிய லாரி பேக்கர் இங்கேயும் சில குடியிருப்புகளை வடிவமைத்தார். பர்மிங்ஹாமில் பிறந்த குவேக்கர் விசுவாசி அவர். தொழுநோயாளிகளுக்கு மருத்துவமனை கட்ட இந்தியாவுக்கு வந்து, கடைசிவரை திருவனந்தபுரத்து நாலாஞ்சிறையில் வாழ்ந்து, 2007-ல் இளைப்பாறினார்.

2021-ல் செங்கல்சூளைப் பிள்ளைகள் ஒரு கைபேசியை மட்டும் வைத்துக்கொண்டு, நடிகர் சூர்யாவின் 'அயன்' படப் பாடலொன்றை அப்படியே நடித்துப் படமாக்கினார்கள். அது நாடெங்கும் பரவி, நடிகரே பாராட்டினார். சினிமாப் பாட்டு என்பதால் நம் வாசகரில் சிலர் முகம் சுளிக்கலாம். ஆனாலும் அதில் நான் கவனித்தது வேறொன்று. அதுவரை அந்தக் குடியிருப்பின் பெயர் செய்தித்தாளில் வந்ததெல்லாம் குற்றச்செய்திகளோடுதான். அப்பிள்ளைகள் யாரிடத்திலும் இரக்கம் கேட்கவில்லை. தங்களுக்கு என்ன செய்யத் தெரியும் என்று காண்பித்தார்கள். ஏழைப் பிள்ளை என்றவுடனே அழுகிற முகம் ஒன்றையே எதிர்பார்க்கிற நம் கண்ணுக்கு இது நல்ல மருந்து.

தைக்காட்டில் கேரள மாநிலக் குழந்தைகள் நலச் சங்கத்தின் வாசலில் அம்மத்தொட்டில் இருக்கிறது. பெற்றவர்களால் வளர்க்க இயலாத சிசுவை, பெயர் சொல்லாமல், முகம் காட்டாமல் கிடத்திவிட்டுச் செல்லும் தொட்டில். குழந்தை கிடத்தப்பட்டதும் உள்ளே மணி ஒலிக்கும். 2002 நவம்பர் 14 அன்று இது திறக்கப்பட்டது. நம் தமிழ்நாட்டில் சேலத்தில் 1992-லேயே தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியதை வாசகர்கள் அறிவார்கள். நாணற்பெட்டியில் வைத்து நைல் நதியோரம் விடப்பட்ட குழந்தையின் சரித்திரத்தை ஞாயிறு பள்ளியில் கற்பிக்கிற நமக்கு, அந்தத் தொட்டிலுக்கு முன் நின்று அதிகம் பேச ஒன்றுமில்லை. ஆனால் இதையும் மறைக்கக்கூடாது: 2024 டிசம்பரில், அதே சங்கத்தின் பராமரிப்பிலிருந்த இரண்டரை வயதுக் குழந்தையைக் காயப்படுத்தியதாக ஆயாக்கள் மூவர் கைதுசெய்யப்பட்டார்கள். தொட்டிலில் விழுந்த குழந்தை பத்திரமாயிற்று என்று எண்ணி உலகம் வீட்டுக்குப் போய்விட முடியாது. கட்டடம் எழுப்பவும் தொட்டில் வாங்கவும் நன்கொடை வரும். இரவு இரண்டு மணிக்கு ஈரத்துணி மாற்றுகிற கைக்குப் பொறுமை வேண்டும், பயிற்சி வேண்டும், ஏற்ற சம்பளம் வேண்டும். அதற்கு நன்கொடை கேட்டால் யாரும் எளிதில் கொடுப்பதில்லை. பெயர்ப்பலகை வைக்க அங்கே சுவரில்லையே!

இங்கேயே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளையின் பிறந்தநாளுக்கு அனாதை இல்லத்திற்குப் போய் கேக் வெட்டி, அங்குள்ள பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் புகைப்படம் எடுத்து, வாட்ஸ்ஆப்பில் அனுப்புகிற வழக்கம் நம் மத்தியில் வேரூன்றிவிட்டது. பராமரிப்பு தேவைப்படும் பிள்ளைகளின் அடையாளத்தை ஊடகங்களில் வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் தடைசெய்கிறது. சட்டத்தை விட்டுவிடுங்கள். உங்கள் மகன் ஒரு பொட்டலத்தைக் கையில் ஏந்தி, முன்பின் தெரியாத ஒருவரைப் பார்த்து ஆண்டுக்கு முப்பது முறை சிரிக்கவேண்டியிருந்தால், தாயாகிய உங்களுக்கு எப்படியிருக்கும்?

தைக்காட்டிலிருந்து கிழக்கேகோட்டைக்கு வந்து வலியதுறைப் பேருந்தில் ஏறினால் சிறிது நேரத்தில் கடல். ஒருகாலத்தில் திருவனந்தபுரத்தின் துறைமுகம் இதுதான். 1947-ல் கப்பல் மோதிப் பழைய இரும்புப் பாலம் உடைந்தது. 1956-ல் கட்டிய பாலமும் கடலரிப்பில் சிதைந்து கிடக்கிறது. கரையோர வீடுகளை வரிசை வரிசையாகக் கடல் எடுத்துக்கொண்டது. வீடிழந்த குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் பழைய கிடங்குகளிலும் பள்ளிக்கூட அறைகளிலும் தங்கின. சேலையைத் திரையாகக் கட்டி, ஒரே கூரையின்கீழ் பல அடுப்புகள். அங்கே பிறந்து, அங்கேயே நடக்கப் பழகி, வீடு என்றால் என்னவென்று அறியாமல் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகள் உண்டு. 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் வந்தபோது குமரிக் கரையைப் போலவே இந்தக் கரையிலும் தகப்பன்மார் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியது. செங்ஙன்னூரிலும் பத்தனம்திட்டையிலும் வசதியான மாடிவீடுகளின் கூரையில் நின்று மக்கள் கதறினார்கள். அப்போது விழிஞ்ஞம், பூந்துறை முதலிய இந்தக் கடற்கரைக் கிராமங்களின் மீனவர்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு இரவோடிரவாகப் புறப்பட்டுப் போய் ஆயிரக்கணக்கானவர்களை மீட்டார்கள். ஒரு பிள்ளைக்கு நாம் கொடுக்கிறோம், அது வாங்கிக்கொள்கிறது என்றே எப்பொழுதும் எண்ணிப் பழகிய நமக்கு இந்தக் கரை ஒரு புதிய பாடம். அய்யங்காளியின் நாளில் வேலைநிறுத்தக்காரருக்கு மீனில் பங்கு கொடுத்ததும் இந்தக் கரையோரம்தான். 2018-ல் நம்மைப்போன்றவர்களை வெள்ளத்திலிருந்து மீட்கப் படகுகளைக் கொண்டுவந்ததும் இந்தக் கரையோரம்தான். கொடுத்தவர்களின் சமுதாயத்துப் பிள்ளைகள் கிடங்கில் தூங்கினார்கள். 2025 ஆகஸ்டில் முட்டத்தறையில் 332 குடும்பங்களுக்கு அரசு அடுக்ககங்களைக் கட்டிக் கொடுத்தது. அது நல்ல செய்தி. அந்த 332-ல் இடம்பெறாதவர்களும் கரையில் இருக்கிறார்கள்.

இவ்வளவு சொன்னபின், திருவனந்தபுரம் பிள்ளைகள் வாழத்தகாத ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். சத்தியம் நேர்மாறானது. உள்ளூரில் வளர்ச்சி ஆய்வு மையம் என்றொரு நிறுவனம் இருக்கிறது. அதன் செங்கல் கட்டடங்களும் லாரி பேக்கர் கட்டியவையே. பொருளாதார அறிஞர் கே. என். ராஜ் முயற்சியால் தொடங்கப்பட்ட அந்த மையம் 1975-ல் ஐக்கிய நாடுகளுக்காக ஓர் ஆய்வைச் செய்தது. வருமானத்தில் இந்திய சராசரிக்கும் கீழே இருந்த கேரளத்தில் பிள்ளைகள் மட்டும் அதிகமாக உயிர்பிழைத்தார்கள், அதிகமாகப் படித்தார்கள் என்று அது எடுத்துக்காட்டியபோது உலகம் வியந்தது. பணம் வருவதற்கு முன்பே பிள்ளை பிழைத்துவிட்டது! பள்ளிக்கூடம், ஆரம்பச் சுகாதார நிலையம், ரேஷன் கடை, குடியிருக்கும் மனையில் உரிமை: இவை ஏழையின் வாசலுக்கு வந்ததே காரணம். இவற்றுள் எதுவும் யாரும் இரங்கிப் போட்ட பிச்சையல்ல. பலவற்றிற்காக மக்கள் தெருவில் நின்றிருக்கிறார்கள். 2023-ஆம் ஆண்டின் கணக்கில், பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவர்கள் இந்தியாவில் 25; கேரளத்தில் 5. ஐசுவரியமுள்ள அமெரிக்காவில்கூட அது ஐந்துக்குச் சற்று அதிகம். 2025 நவம்பர் 1-ல், 64,006 குடும்பங்களைக் கண்டறிந்து உதவியதன் பேரில், கொடிய வறுமை நீங்கிய மாநிலமென்று கேரள அரசு அறிவித்தது. கணக்கு சரிதானா என்று அறிஞர்கள் சிலர் கேள்வி எழுப்பினார்கள். அப்படிக் கேள்வி கேட்பவர்கள் இருப்பதும் நன்மைக்கே.

2025-ன் தொடக்கத்தில், அங்கன்வாடியில் உப்புமாவுக்குப் பதிலாகப் பிரியாணியும் பொரித்த கோழியும் வேண்டுமென்று ஒரு சிறுவன் மழலையில் கேட்ட காணொளி பரவியது. பார்த்த பலர் உடனே அந்தப் பிள்ளைக்குப் பிரியாணி வாங்கிக்கொடுக்க விரும்பியிருப்பார்கள். அதே ஆண்டு ஜூனில் மாநில அரசு 33,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் அனைத்திற்கும் உணவுப் பட்டியலை மாற்றி, முட்டை பிரியாணியைச் சேர்த்தது. பாலும் முட்டையும் கொடுக்கும் நாட்களையும் கூட்டியது. காணொளியில் வராத பிள்ளைக்கும் கிடைத்தது. இதுதான் பந்தி.

அப்படியானால் நாம் கொடுக்கவேண்டிய அவசியமில்லையா? இருக்கிறது. கழக்கூட்டத்தில் எழும்புகிற அடுக்ககங்களைப் பாருங்கள். சாரத்தில் நிற்பவர்கள் வங்காளத்திலும் அசாமிலும் ஒடிசாவிலும் இருந்து வந்தவர்கள். அதிதித் தொழிலாளர் என்று இங்கே மரியாதையாக அழைக்கிறார்கள். சாயங்காலத்தில் கைபேசியின் சிறு திரையில் பிள்ளையோடு பேசிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பிள்ளை முர்ஷிதாபாத்திலோ கந்தமாலிலோ தகப்பனில்லாமல் வளருகிறது. அந்தத் தகப்பன் பூசிய சுவருக்குள்தான் நம் பிள்ளை தூங்குகிறது. சில குடும்பங்கள் பிள்ளைகளையும் கூட்டிவருகின்றன. மொழி தெரியாமல், பள்ளியில் சேராமல், மணற்குவியலில் அவர்கள் விளையாடுகிறார்கள். 'உலக வறுமை' என்று கைபேசியில் பார்த்து நாம் கண்ணீர்விடுகிற அதே வறுமை, தம்பானூர் ரயில் நிலையத்தில் இறங்கி, நம் வாசலுக்குச் செங்கல் சுமந்துகொண்டு வந்துவிட்டது. வாசலில் கிடந்த லாசருவை அந்த ஐசுவரியவான் பகைத்ததாக வேதம் சொல்லவில்லை. தினமும் கடந்துபோனான், அவ்வளவே.

நம் சபைகளுக்கு இதில் இன்னொரு கடனும் உண்டு. கம்பேஷன் என்னும் அமைப்பு ஏறத்தாழ அரை நூற்றாண்டு இந்தியச் சபைகளின் மூலமாய் ஏழைப் பிள்ளைகளைப் படிக்கவைத்தது. வெளிநாட்டுப் பணம் பெற முன் அனுமதி வேண்டும் என்ற அரசு ஆணைக்குப்பின், 2017 மார்ச்சில் அது நம் நாட்டில் பணியை நிறுத்தியபோது, ஏறக்குறைய 1,45,000 பிள்ளைகளுக்கு உதவி நின்றது. அந்த உதவியால் பயனுண்டா என்று, புரூஸ் வைடிக் என்னும் பொருளியல் அறிஞரும் உடனாய்வாளர்களும் இந்தியா உட்பட ஆறு நாடுகளில் ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டார்கள். உதவி பெற்ற பிள்ளைகள் மற்றவர்களைவிட ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை அதிகமாகப் படித்தார்கள் என்று கண்டார்கள். உதவி பெற்றுப் படித்தவர்களில் எத்தனையோ பேர் இன்று நகரங்களில் நல்ல சம்பளத்தில் இருக்கிறார்கள். இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்களிலும் இருப்பார்கள். மாதம்தோறும் கடிதமும் பணமும் அனுப்பிய அந்தத் தூரதேசத்துக் குடும்பங்களில் எல்லாரும் செல்வந்தர் என்று எண்ணவேண்டாம். நம்மைப்போல் மாதச் சம்பளக்காரரும் உண்டு. அவர்கள் விட்ட இடத்தில் நாம் தொடர்ந்தோமா என்று கேட்டால், பல சபைகளில் அந்தப் பிள்ளைகள் அமர்ந்த அறை இப்போது பண்டகசாலை.

"எவ்வளவு?" என்ற தகப்பன்மாரின் கேள்விக்கு வருகிறேன். தசமபாகம் சபைக்குப் போய்விட்டது, இனி நம் கடமை தீர்ந்தது என்கிற கணக்கை நான் ஒப்புக்கொள்வதில்லை. நியாயப்பிரமாணத்தில் தசமபாகம் வேறு, அறுக்காமல் விடவேண்டிய வயலின் ஓரம் வேறு. நான் வீடுகளில் சொல்லும் அளவு ஒன்று உண்டு: உங்கள் பிள்ளையின் பள்ளிக்கு, வாகனத்திற்கு, டியூஷனுக்கு மாதம் என்ன செலவாகிறதோ அதைக் கூட்டுங்கள். ஆண்டில் ஒரு மாதத் தொகை வேறொரு பிள்ளைக்கு. இதைவிட அதிகம் செய்ய இயலுகிறவர்கள் செய்யட்டும். மூன்று படுக்கையறை வீட்டில் இருக்கிறவருக்கு இதைவிடக் குறைவு என்பது சற்றே கஞ்சத்தனம் என்பது என் அபிப்பிராயம்.

யாருக்கு? முதலில் உங்கள் வீட்டில் பாத்திரம் துலக்குகிற சகோதரியின் பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறது என்று தெரியுமா? தெரியாவிட்டால் சூடானுக்கு முன்பு அங்கே தொடங்கலாம். அவருக்கு நியாயமான சம்பளமும் வாரத்தில் ஒருநாள் ஓய்வும் கொடுப்பது தர்மமல்ல, கடன். அதைக் கொடுத்துவிட்டு மீதியைப் பேசவேண்டும். அடுத்தது, உங்கள் அடுக்ககத்தைக் கட்டுகிறவர்களின் பிள்ளைகள். அருகிலுள்ள அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரைப் பார்த்து, சேர்க்கைக்கு என்ன தடையென்று கேளுங்கள். பல இடங்களில் பணமல்ல, வங்காளமோ இந்தியோ பேசத்தெரிந்து வீடுவீடாகப் போய்க் கூப்பிட ஒருவர் இல்லாததே தடை. வடஇந்தியாவில் வேலை செய்து திரும்பிய நம் சகோதரர்களுக்கு இந்தி தெரியுமே. சனிக்கிழமை இரண்டு மணி நேரம் அவர்களால் கொடுக்கமுடியும். தூரதேசத்துப் பிள்ளையையும் மறக்கவேண்டாம். தடுப்பூசிக்கும் ஊட்டச்சத்து மாவுக்கும் நம்மிடம் சிறிதாகத் தோன்றும் தொகை அங்கே ஒரு உயிர். யுனிசெஃப் போன்ற, கணக்கை வெளியிடுகிற அமைப்புகளுக்கு மாதாமாதம் வங்கியிலிருந்து தானாகப் போகும்படி எழுதிக் கொடுத்துவிட்டால் போதும். படம் பார்த்து அழுத நாளில் ஐயாயிரம் கொடுத்து, அழாத மாதங்களில் ஒன்றும் கொடாமல் இருப்பதைவிட இது நலம். பசி படம் வராத மாதத்திலும் வருகிறது.

பிள்ளைகளை இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்து அப்பங்களைக் கொடுத்தவன் ஒரு பையன்தான். அவன் பெயரைக்கூட எழுதிவைக்கவில்லை. தட்டில் மிச்சம் வைத்ததற்காக ஆப்பிரிக்கப் பிள்ளையைச் சொல்லி அவனைக் குற்றப்படுத்துவதில் பயனில்லை. அந்தச் சோறு அங்கே போய்ச் சேராது. அதற்குப் பதில் கணக்கு நோட்டை அவன் கையில் கொடுத்து, இந்த மாதம் எங்கே, எவ்வளவு என்று எழுதச் சொல்லலாம்.

வலியதுறைக்குப் போகிறவர்கள் மாலை நான்கு மணியளவில் போவது நல்லது. பள்ளி விட்டுப் பிள்ளைகள் வருவார்கள். கைபேசியைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கரையில் அன்றைக்குப் பிடித்த மீன் விற்பார்கள். பேரம் பேசாமல் வாங்கலாம். கடைசிப் பேருந்து எப்பொழுது என்று நடத்துநரிடம் இறங்கும்போதே கேட்டுக்கொள்ளவேண்டும்.